தும்பிக்கை வைத்த லை

எங்கள் ஆபீசில் இப்போது அடிக்கடி காதில் விழும் சொல் 'ரொமான்டிசைஸ்'. யாராவது பழைய கதையை எடுத்தால் போதும், "ரொமான்டிசைஸ் பண்ணாதீங்க சார்" என்று ஒரு குரல் வந்துவிடும். காதலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் 'ஐடியலைஸ்' என்பதும் இதுவும் ஒன்றுதான் என்று நினைத்து எழுதுகிறார்கள். கைப்பிரதி திருத்துகிறவனுக்கு அந்த இடம் உறுத்தும். ஐடியலைஸ் செய்கிறவர், குடிசை ஒழுகவே ஒழுகாது என்பார். ரொமான்டிசைஸ் செய்கிறவர், ஒழுகினால் என்ன, மழைச் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கலாமே என்பார். குறை அவருக்குத் தெரியும். அந்தக் குறைதான் அவருக்கு அழகு. ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைக்கிற ஆள் பெரும்பாலும் அவராக இருக்கமாட்டார்.

அட்டை வடிவமைக்கும் தம்பிக்குப் பழைய அச்செழுத்து மேல் கிறுக்கு. லகரத்தின் முன்னால் யானைத் தும்பிக்கைபோல வளைவு போட்ட பழைய 'லை'யைத் தலைப்பில் போட்டுக்கொண்டு வந்தான். "அந்தக் காலத்துல ஒவ்வொரு எழுத்தையும் கையால கோத்திருக்காங்க, என்ன ஒரு தியானம்!" என்றான். பக்கத்தில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தவர் பழைய கம்பாசிட்டர்; ஈய எழுத்துகளைக் கையால் கோத்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "நின்னுக்கிட்டே தியானம் பண்ணியிருக்கியாப்பா?" என்று கேட்டார்.

பிறகு அவரே சொன்னார். எழுத்துகளைக் குழி குழியாகப் போட்டுவைத்த சாய்வான கேஸ் முன்னால் பகல் முழுக்க நிற்க வேண்டும். ஸ்டிக் என்கிற கைச்சட்டத்தில் எழுத்துகளைத் தலைகீழாகக் கோத்து, தலைகீழாகவே படிக்க வேண்டும். அச்சானதும் மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் குழியில் திரும்பப் போட வேண்டும். கட்டு அவிழ்ந்து பக்கம் கொட்டிவிட்டால் மறுபடி கோக்கக் கூலி கிடையாது. ஈயக் கையோடு சோற்றைத் தொடாதே என்று மூத்தவர்கள் சொல்வார்களாம். அவசரத்தில் யார் கேட்டார்கள்!

பெரியார் 1935-லேயே தம் இதழில் கொண்டுவந்த எழுத்து மாற்றங்கள் பலவற்றைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றது. அதில் இந்தத் தும்பிக்கையும் போனது. உங்களுக்கு அது நிம்மதியாக இருந்திருக்குமே என்றேன். "பாதி" என்றார். ணை, லை, ளை, னைக்கு இருந்த தனித்தனிக் குழிகள் போயின. ஆனால் ஒரே அச்சாக எடுத்த 'லை'க்கு இப்போது ஐகாரக் கொம்புக்கு ஒரு தடவை, லகரத்துக்கு ஒரு தடவை என்று கை இரண்டு முறை போக வேண்டும். மேடையில் இருந்து சீர்திருத்தத்தைப் பார்ப்பவர்களுக்கு இது தோன்றாது.

இத்தனை புலம்பியவர், எழுத்தின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன வெட்டை விரலால் தடவியே, பார்க்காமல் கோப்பேன் என்றும் சொன்னார். குரலில் பெருமிதம் வழிந்தது. உடனே தம்பி, "ஐயா, இப்ப நீங்களும் ரொமான்டிசைஸ் பண்றீங்க" என்றான்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. கூலி குறைவு என்பதும் கை வேலை அறிந்தது என்பதும் அவர் கூடவே இருந்து பார்த்தவை. அவர் ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்கவில்லை. வேடிக்கை பார்த்தவனுக்கு உரிய சொல்லை வேலை செய்தவர்மேல் ஏவினால், மனிதர் தன் தொழிலைப் பற்றி அழத்தான் முடியும், வேறு எதுவும் பேச முடியாது. இன்று பலர் அந்தச் சொல்லை வாயடைக்கத்தான் வைத்திருக்கிறார்கள்.

அட்டை என்னவோ நன்றாகத்தான் வந்திருந்தது. நானும் சம்மதித்தேன். பெரியவர் மட்டும் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். "லையைப் பழசாப் போட்டிருக்கே, னையைப் புதுசா விட்டுட்டியே. ரெண்டுல ஒண்ணு பண்ணு."