யார் மேல தப்புன்னு கேக்குறாங்க, ஏன் செத்தாங்கன்னு யாரும் கேக்குறதில்ல

மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர்னா என்ன வேலைன்னு நெறைய பேருக்குத் தெரியாதுங்க. வண்டி அடிபட்டு க்ளெய்ம் போட்டீங்கன்னா, செலவு 50 ஆயிரத்துக்கு மேல போச்சுன்னா லைசென்ஸ் உள்ள சர்வேயர் ஒருத்தர் வந்து பாத்து ரிப்போர்ட் குடுக்கணும், அந்த வேலைதான் நான் பண்றது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர்னு இந்த வட்டாரம் பூராவும் சுத்திட்டிருப்பேன். பம்பர் ஒடஞ்சது, கதவு நசுங்குனதெல்லாம் தினப்படி வர்றது, அதுல சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. ஆளு செத்துப்போன வண்டி வேற. ஸ்டேஷன் பக்கத்துல காலி எடத்துல தார்ப்பாய் கூட இல்லாம நிக்கும், அங்க போயி சேஸிஸ் நம்பர் (வண்டி சட்டத்துல பொறிச்சிருக்குற அடையாள நம்பர்) மேல டேப் ஒட்டிப் பென்சில்ல தேய்ச்சு அச்சு எடுக்கணும், உள்ள கொழந்தையோட ஒத்தச் செருப்பு கெடக்கும், பழனி பஞ்சாமிர்த டப்பா கெடக்கும், அதையெல்லாம் தாண்டித்தான் போட்டோ எடுக்கணும்.

அந்த மாதிரி எடத்துக்கு ஒறம்பரையெல்லாம் வந்து நிப்பாங்க. எல்லாரும் கேக்குற மொத கேள்வி, "ஏனுங்க சார், தப்பு யார் மேலங்க?" அது நியாயமான கேள்விதான், கேஸ் யார் மேல போடுறதுங்கறது அதுல இருக்குது, முன்னாடி இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ, இப்ப 2024 ஜூலையில இருந்து அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 106, அப்பறம் நஷ்டஈட்டு கோர்ட்டுல எவ்வளவு கெடைக்கும்ங்கறதும் அதுலதான் இருக்குது. ஆனா இத்தனை வருஷமா நசுங்குன வண்டிகளப் பாத்துப் பாத்து எனக்கு வேற ஒரு கேள்வி வந்துருச்சு. இந்த ஆளு ஏன் செத்தாரு? மோதுனதுக்கு ஒரு காரணம் இருக்கும், செத்ததுக்கு வேற காரணம் இருக்கும். நெம்ப தடவ ரெண்டும் ஒண்ணா இருக்காது. ரெண்டாவதப் பத்தி நம்மூர்ல பேச்சே கெடையாது.

தாராபுரம் பக்கம் ஒரு கார். கல்யாணத்துக்குப் போயிட்டு வரும்போது பாலத்துக் கட்டையில மோதிருச்சு. பெரிய வேகம் ஒண்ணும் இருந்திருக்காது, ஏன்னா முன்பக்கம் பானெட் மட்டும் மடங்கி உள்ள கேபின் அப்படியே இருந்துச்சு, ஏர்பேக் வெடிச்சு விரிஞ்சிருந்துச்சு. டிரைவர் பெல்ட்டும் போட்டிருந்தாரு. அது எப்படித் தெரியும்னா, மோதுன நேரத்துல பெல்ட் போட்டிருந்தா அது வெளிய வந்த நெலையிலயே லாக் ஆகி லொடலொடன்னு தொங்கும், திரும்ப உள்ள சுத்தாது. போடாம இருந்திருந்தா கதவோரத்துத் தூணோட (பில்லர்) ஒட்டி விறைப்பா நிக்கும், இழுத்தாலும் வராது. இது தொங்கிட்டிருந்துச்சு. அப்படியும் அந்தப் பையன் செத்துட்டான். எப்படின்னு பாத்தா டிரைவர் சீட்டோட முதுகு முன்னாடி ஸ்டியரிங்க பாத்து மடங்கிக் கெடந்துச்சு, பின்னாடிப் பக்கம் முட்டி ஒசரத்துல ரெண்டு குழி. பின்சீட்டுல அவனோட பெரியப்பா உக்காந்து வந்திருக்காரு, நல்ல கனமான ஆளு, பெல்ட் போடல. வண்டி நின்னாலும் அவரு அதே வேகத்துல முன்னாடி வந்து சீட்டோட சேத்து பையன நசுக்கியிருக்காரு. அவருக்குக் கால் எலும்பு முறிவோட போச்சு. மாவுக்கட்டோட ஆட்டோவுல வந்து எறங்கி என்கிட்ட கேட்டாரு, "பையன் பெல்ட்டு போட்டுத்தானுங்க ஓட்டுனான், பலூனும் வெடிச்சிருக்குது, பொறவு ஏனுங்க இப்படி ஆச்சு?" எனக்கு வாயே வரல. ரிப்போர்ட்டுல எழுத வேண்டியத எழுதுனேன், அவர்கிட்ட சொல்லல, இன்னிக்கும் சொல்ல மனசு வராது.

பின்சீட்டுல பெல்ட் போடணும்ங்கறது புதுச் சட்டம் இல்லைங்க, நெம்ப காலமா இருக்குது, மோட்டார் வாகனச் சட்டத்தோட 2019 திருத்தத்துக்கு அப்பறம் 194பி பிரிவுல 1000 ரூபா ஃபைன். டாடா சன்ஸ் முன்னாள் சேர்மன் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4ஆம் தேதி செத்தாரே, பெரிய கம்பெனி கார், அவரு உக்காந்திருந்தது பின்சீட்டு, பெல்ட் போடல. அதே 2022ல நாடு பூரா சீட் பெல்ட் போடாம செத்தவங்க 16,715 பேர்னு மத்திய அரசோட சாலை விபத்து அறிக்கை சொல்லுது, அதுல 8,331 பேர் வண்டி ஓட்டாதவங்க, கூட உக்காந்து போனவங்க. கிட்டத்தட்ட சரிபாதி. நம்மூர்ல புதுக் கார் எடுத்த வாரத்துலயே அக்சஸரீஸ் கடைக்குப் போயி சீட் கவர் போடுறோம்ல, நெறைய வண்டியில அந்தக் கவருக்கு அடியில பின்சீட்டு பெல்ட்டோட பக்கிளு பொதஞ்சே போயிருக்கும், தோண்டி எடுத்தாத்தான் உண்டு. சீட்டுக்குள்ள சைடு ஏர்பேக் இருக்குற வண்டிக்கும் மேல கெட்டியா ரெக்ஸின் கவரப் போட்டுத் தெச்சு விட்டுடறாங்க, அது வெடிச்சு வெளிய வர்றதுக்கு எடம் வேணும்ங்கறது போடுறவருக்கும் தெரியல போட்டுக்கறவருக்கும் தெரியல. பெல்ட் போடலேன்னா பீப் பீப்னு கத்துமே, அதை அமுக்குறதுக்குன்னே ஒரு கிளிப் விக்கிறாங்க. 2023ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லி ஆன்லைன் கடைகள்ல இருந்து 13,118 எடத்துல அத எடுக்க வெச்சாங்க. அடிபட்ட வண்டியில அந்தக் கிளிப்ப பக்கிளுக்குள்ள பாத்தா எனக்கு ரத்தம் கொதிக்கும்.

அடுத்தது லாரி. நாமக்கல், சங்ககிரி லாரி, திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டி, இதெல்லாம் நம்ம சொந்தக்காரங்க வண்டிதான், எங்க வீட்டுப் பக்கமே லாரி வெச்சிருக்கறவங்க நாலு பேரு இருக்காங்க, அதனால லாரிக்காரங்கள திட்டறதுக்காக இத எழுதல. ஆனா சேலம் கொச்சி ரோட்டுலயும் நாமக்கல் கரூர் ரோட்டுலயும் கார்ல செத்தவங்க வண்டிகளப் பாத்தா, நிக்கிற லாரிக்குப் பின்னாடி போயி சொருகுனதுதான் எனக்கு எச்சா வந்திருக்குது. இந்த மாதிரி வண்டியப் பாத்த உடனே தெரியும்: பானெட்டும் இன்ஜினும் பெருசா அடிபடாம இருக்கும், கண்ணாடியில இருந்து மேல ரூஃப் வரைக்கும் வழிச்சு எடுத்திருக்கும். ஏன்னா காரோட பலமெல்லாம் பம்பர் ஒசரத்துல இருக்குது, லாரி பாடி அதுக்கு மேல நிக்குது. மோதுற அடி தாங்குறதுக்குன்னு கட்டுன எடத்துல மோதாம நேரா தலை ஒசரத்துல வந்து மோதுது. ஏர்பேக் கூட சரியான நேரத்துல வெடிக்காம போயிரும். இதுக்காகத்தான் லாரிக்குப் பின்னாடி கீழ குறுக்குக் கம்பி மாட்டணும்னு விதி இருக்குது, நான் பாக்குற நெறைய லாரியில அது துருப்புடிச்சு ரெண்டு போல்ட்டுல தொங்கிட்டிருக்கும், இல்லாட்டி எப்பவோ எதுலயோ இடிச்சு மேல வளஞ்சு கெடக்கும். செவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதுமேல ஒரு அங்குலம் சேறு. ஈரத்துணி வெச்சுத் தொடைக்க அரை நிமிஷம் ஆகுமா?

பிரேக்டவுன் ஆகி நின்னா பின்னாடி ரெண்டு கல்லு, ஒரு வேப்பங்கொப்பு, அவ்வளவுதான் எச்சரிக்கை. 100ல வர்ற கார் ஒரு செகண்டுக்கு 28 மீட்டர் போகும். லாரிக்குப் பத்தடி பின்னாடி கொப்பு வெச்சா அது கண்ணுல படறதுக்கும் மோதறதுக்கும் நடுவுல நேரமே கெடையாது. குறைஞ்சது அம்பது மீட்டராச்சும் தள்ளி முக்கோண ரிஃப்ளெக்டர் வெக்கணும், டேஞ்சர் லைட் எரியணும். ரிப்பேர் முடிஞ்சு லாரி போயிரும், கல்லு மட்டும் அங்கயே கெடக்கும், விடியக்காலைல பால் எடுத்துட்டு வர்ற டிவிஎஸ் எக்ஸ்எல் அதுல ஏறும். லாரி டிரைவர் பக்கமும் பாக்கணும், ரெண்டு நாளா முழிச்சு ஓட்டிட்டு வர்ற மனுஷனுக்கு வண்டிய ஓரங்கட்டித் தூங்கறதுக்கு போதுமான எடம் எத்தனை கிலோமீட்டருக்கு ஒண்ணு இருக்குது? டோல் வாங்கறாங்க, அந்தக் காசுல மொதல்ல லாரி நிறுத்த எடம் கட்டணும்னு நான் யார்கிட்ட வேணாலும் சண்டை போடுவேன்.

தூக்கம். இது ரிப்போர்ட்டுல எழுதவே முடியாத காரணம், ஏன்னா ரத்தத்துல டெஸ்ட் பண்ண முடியாது, பொழச்சவங்களும் ஒத்துக்க மாட்டாங்க, நாய் குறுக்க வந்துச்சுன்னு சொல்லுவாங்க. ஆனா ரோட்டுல பிரேக் புடிச்ச தடமே இருக்காது, நேரம் கேட்டா விடியக்காலம் ரெண்டுல இருந்து அஞ்சுக்குள்ள இருக்கும். 2020 பிப்ரவரி 20 அவிநாசி பக்கத்துல நடந்தத யாரும் மறந்திருக்க மாட்டோம், பெங்களூர்ல இருந்து எர்ணாகுளம் போன கேரள அரசு பஸ் மேல கன்டெய்னர் லாரி மீடியனத் தாண்டி வந்து மோதி 19 பேர் செத்தாங்க, அதுவும் இதே நேரந்தான். நம்ம குடும்பங்க பழனிக்கும் திருச்செந்தூருக்கும் குலசாமி கோயிலுக்கும் கெளம்புற நேரமும் அதேதான். ஓட்டுறவரு முந்துன நாள் பூரா பனியன் கம்பெனியில நின்னுட்டு, ராத்திரி ரிசப்ஷனுக்கும் போயிட்டு வந்து, ரெண்டு மணி நேரம் கண்ண மூடிட்டு ஸ்டியரிங்க புடிக்கிறாரு. நாலு செகண்டு கண் அசந்தா போதும், நூறு மீட்டருக்கு மேல வண்டி ஆள் இல்லாம போகுது. பாட்டுப் போடுறது, டீ குடிக்கிறது, மூஞ்சி கழுவுறது எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். பங்க்ல நிறுத்தி இருவது நிமிஷம் தூங்குங்க. சூரிய உதயத்துக்கு அங்க இருக்கணும்னு வீட்டுப் பெரியவங்க அவசரப்படுத்தாம இருந்தாங்கன்னா அதுவே பெரிய உபகாரம்.

டயர் பத்தி ஒண்ணு சொல்லணும். நம்ம பக்கம் தோட்டத்து வீடுகள்ல கார் நெம்ப ஓடாது, சந்தைக்கும் விசேஷத்துக்கும் மட்டும் எடுப்பாங்க, டயர் மேல இருக்குற பட்டன் தேயாம அப்படியே இருக்கும், அதனால டயர் புதுசுன்னு நெனைக்கிறாங்க. டயர் பக்கவாட்டுல நாலு எழுத்து நம்பர் இருக்கும், 1516ன்னு இருந்தா 2016ஆம் வருஷம் 15ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். ரப்பர் ஓடாட்டியும் வெயில்ல காஞ்சு வெடிப்பு விடும். அத மாட்டிக்கிட்டு மே மாசத்துல ஏழு பேர ஏத்தி, காத்தும் பாக்காம, நாலுவழிச் சாலையில 120ல போனா டயர் வெடிச்சதுன்னு சொல்றதுல என்ன ஆச்சரியம். அஞ்சாறு வருஷம் ஆனா வருஷா வருஷம் காட்டிப் பாருங்க, பத்து வருஷம்னா கேக்கவே வேண்டாம், மாத்துங்க.

மலை எறக்கமும் அப்படித்தான். ஊட்டி, வால்பாறை, திம்பம், கொல்லிமலைன்னு நம்மளச் சுத்தி மலைதான், கொல்லிமலைல மட்டும் 70 கொண்டை ஊசி வளைவு. பிரேக் ஃபெயிலியர்னு வர்ற கேஸ்ல மெக்கானிக் கழட்டிப் பாத்தா பிரேக்குல பழுதே இருக்காது, பிரேக் பேடு கருகியிருக்கும். எறங்கும்போது பூராவும் பிரேக்க மிதிச்சே வந்தா சூடாகிப் புடிக்காது. ஏறுன கியர்லயே எறங்கணும்னு பழைய டிரைவர் எல்லாருக்கும் தெரியும். இப்ப ஆட்டோமேட்டிக் வண்டி எடுத்த புள்ளைங்க டி-யில (டிரைவ் கியர்) போட்டுட்டு பிரேக்க மட்டும் நம்பி மேட்டுப்பாளையம் வரைக்கும் வர்றாங்க, அவங்களுக்கு யாரும் சொல்லித் தர்றதில்ல.

ராங் சைடுல வர்ற பைக்குக்காரர எல்லாரும் திட்டறோம், நானும் ஹாரன் அடிச்சிருக்கேன். ஆனா ரோடு போடும்போது ஊர ரெண்டாப் பொளந்துட்டாங்களே, வீடு இந்தப் பக்கம், தோட்டம் அந்தப் பக்கம், திரும்புற எடம் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி. மாட்டுக்குத் தட்டு அறுத்துட்டு வர்ற பெரியவரு தெனம் நாலு கிலோமீட்டர் சுத்துவாரா? மீடியன்ல ஒரு சந்து கெடைச்சா அதுல பூருவாரு. கீழ ஒரு சுரங்கப்பாதை, ஒரு சர்வீஸ் ரோடு, ரெண்டு லைட்டு, இது ஒழுக்கம் சொல்லிக்குடுக்கறதால தீருற பிரச்சனை இல்ல, கட்டிக் குடுத்தாத்தான் தீரும். தைப்பூசத்துக்கு பழனிக்கு நடக்குறவங்களுக்கும் அப்படித்தான், காங்கேயம், தாராபுரம் ரோட்டுல ராத்திரி ஆயிரக்கணக்குல போறாங்க, அது எப்ப வரும்னு ஒரு வருஷத்துக்கு முன்னாடியே காலண்டர்ல இருக்குது. முதுகுல ஒட்ட ஸ்டிக்கர் குடுக்கறாங்க, நல்ல விஷயம், நடக்க தனியா ஒரு தடம் வேணும்.

அடிபட்ட எடத்துல நின்னு உதவுறதுக்கு நம்ம ஜனங்க சளைச்சவங்க இல்ல, கடப்பாரையோட ஓடி வந்து கதவப் பேத்து ஆள எடுத்த ஊர்க்காரங்க கதை எங்க போனாலும் கேக்கறேன். கார்ல போறவங்கதான் போலீஸ் கேஸுன்னு பயந்து தாண்டிப் போறாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு உதவி பண்ணவங்க மேல கேஸ் வராதுன்னு சொல்லுது, பேர், நம்பர் குடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. 108க்கு அடிங்க, கழுத்த வளைக்காம, தண்ணி ஊத்தாம, ரத்தம் வர்ற எடத்த சுத்தமான துணி வெச்சு அழுத்திப் புடிங்க. தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல இருந்து இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48 திட்டம் இருக்குது, திட்டத்துல சேந்த ஆஸ்பத்திரியில மொத 48 மணி நேர வைத்தியத்துக்குக் காசு வாங்க மாட்டாங்க, எந்த ஊர்க்காரரா இருந்தாலும் சரி, காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாட்டியும் சரி. பர்ஸ்ல பணம் இல்லியேன்னு யாரும் அங்க யோசிச்சு நிக்க வேண்டியதில்ல, கூட்டிட்டுப் போங்க.