கலைக்கோட்டு முனிவரும் எடின்பரோ மழையும்

பள்ளியிலிருந்து வந்த மகள் வண்ணத்தாள் ஒன்றை விரித்து, "அப்பா, நம்ம நாட்டு விலங்கு யூனிகார்ன்" என்றபோது, அந்த 'நம்ம' சுருக்கென்று தைத்தது. புலியைச் சொல்லித் திருத்த வாயெடுத்தவன் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். குதிரையின் நெற்றியில் அவள் வரைந்திருந்த கொம்பு அச்சு அசலாக முருங்கைக்காய்.

இல்லாத மிருகத்தைத் தேசிய விலங்காகக் கொண்டது ஸ்காட்லாந்து. அதைக் கேலி செய்யும் யோக்கியதை எனக்கில்லை. கிருஷ்ணாபுரம் கோயிலின் யாளியைத் தொட்டுத் தடவி வளர்ந்தவன் நான். இங்கே எடின்பரோவில் மெர்க்கட் கிராஸ் தூணின் உச்சியில் அந்த ஒற்றைக்கொம்பு நிற்கிறது. அரசச் சின்னத்திலோ அதைப் பொற்சங்கிலியால் பிணைத்திருக்கிறார்கள். 1603இல் ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசரானபின், அயலூரில் வேலை கிடைத்த பிள்ளையைப் போல அதுவும் தெற்கே போய், அரசச் சின்னத்தில் இங்கிலாந்தின் சிங்கத்துக்கு எதிரே நின்றுகொண்டது.

உண்மையில் அதன் பூர்விகமே நம் பக்கம்தான் என்று மகளிடம் வாதாடினேன். பாரசீக அரண்மனையில் மருத்துவராயிருந்த கிரேக்கர் டெசியாஸ், சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன், இந்தியாவில் ஒற்றைக் கொம்புள்ள காட்டுக் கழுதை உண்டென்றும், அக்கொம்பைக் குடைந்த கிண்ணத்தில் குடிப்பவரை நஞ்சு தீண்டாதென்றும் எழுதிவைத்தார். அந்த நம்பிக்கையில் ஐரோப்பியச் செல்வந்தர்கள் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய கொம்பு, நார்வால் என்னும் கடல்விலங்கின் பல். பூர்விகம் கழுதை என்றதும் மகளின் முகம் வாடிவிட்டது.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. நாலு மணிக்கே இருட்டும் மார்கழிகூடப் பழகிவிட்டது. ஆனாலும், கன்னியின் மடியில் தலைசாய்த்தால்தான் யூனிகார்ன் பிடிபடும் என்ற இவர்களது கதையைப் படித்தபோது, நெல்லை டவுனில் எங்கள் வீட்டுத் தார்சாவில் பனையோலை விசிறியும் கையுமாக ஆச்சி சொன்ன கலைக்கோட்டு முனிவர் வந்து நின்றார். பெண் முகமே அறியாத, தலையில் கொம்புடைய அவரை, பெண்களை அனுப்பி மயக்கித்தான் மழையற்ற அங்க நாட்டுக்கு அழைத்துவந்தார்கள். அவர் காலடி பட்டதும் மழை கொட்டியது. ஆச்சி கொட்டும் மழையைச் சொல்லும்போது விசிறி நின்றுவிடும்.

கழுதைக்குப் பரிகாரமாக இதை மகளுக்குச் சொன்னேன்.

"அப்புறம் அவர் காட்டுக்குத் திரும்பிப் போனாராப்பா?"

மழை வரும் இடத்தில் நான் எப்போதும் தூங்கிப்போவேன். வெளியே, ஓடு இருந்தாலும் சத்தம் கேட்காத இந்த ஊர்த் தூறல் விழுந்துகொண்டிருந்தது.