பட்டு, தட்டு, கட்டு

2021 ஒக்டோபர் 25, திங்கள்

கொரோனாவால் ஏப்ரலில் மூடிய ஆரம்பப் பிரிவு இன்று திறந்தது. என் நாலாம் ஆண்டில் 19 பேர் வந்தார்கள். மாஸ்க்குக்கு மேலே எல்லாருக்கும் கண் மட்டும்தான் இருக்கிறது. இடாப்புக் கூப்பிட்டபோது ஒரே பெயருக்கு இரண்டு குரல் "ஓம் ரீச்சர்" என்றது. யார் வாயைத் திறந்தது என்று தெரிந்தால்தானே?

ஒக்டோபர் 28, வியாழன்

சொல்வதெழுதல் வைத்தேன். பத்துச் சொல். முதற்சொல் "பட்டு". கொப்பிகளைத் திருத்தினால் ஐந்து பேர் "தட்டு", மூன்று பேர் "கட்டு". முன் வாங்கில் இருக்கும் பெடியன், போன தவணைகளில் ஒரு பிழையும் விடாதவன், பத்துக்கு இரண்டு. "வீட்டில இருந்து பழகிப்போச்சு, கவனம் எங்க மகன்?" என்று ஏசிவிட்டேன். அவன் மேசையைப் பார்த்தபடி இருந்தான்.

ஒக்டோபர் 30, சனி

தட்டு வந்தது, கட்டு வந்தது. ஏன் ஒருவர்கூட "மட்டு" என்று எழுதவில்லை? இரண்டு நாளாக இதுதான் மண்டைக்குள் ஓடியது.

சொல்லிப் பார்த்தால் விளங்குகிறது. மகரத்துக்கு மூக்கால் ஒரு முனகல் வரும். அது கனத்த, தாழ்ந்த ஒலி. துணி அதை மறிப்பதில்லை. ப, த, க மூன்றும் அப்படியில்லை. கண நேரத்தில் வெடித்து முடிகிற ஒலிகள். ஒன்றையொன்று பிரித்துக்காட்டும் அடையாளம் பெரும்பாலும் மேல் அதிர்வெண்களில்தான் இருக்கிறது. மாஸ்க் கை வைப்பதும் அங்கேதான். 2020இல் அமெரிக்காவில் அளந்திருக்கிறார்கள்: 2000 முதல் 7000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியில் சாதாரண சத்திரசிகிச்சை மாஸ்க் 3, 4 டெசிபலைக் குறைக்கிறதாம், என்95 கிட்டத்தட்ட 12.

3 டெசிபல் பெரிய இழப்பில்லை. ஆனால் முன்பு காது தவறவிட்டதைக் கண் பிடித்துக்கொள்ளும். பகரத்துக்கு உதடு ஒட்டும், தகரத்துக்கு நாக்கு பல்லில் படும், ககரத்துக்கு வாய் சும்மா திறக்கும். "பட்டு", "மட்டு" இரண்டையும் உதட்டை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. அந்த வேலையைக் காது செய்யும். ஒன்று விட்டதை மற்றது எடுக்கும் இந்தப் பங்குவேலை இவ்வளவு நாளும் என் வகுப்பில் நடந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல். இரைச்சலுக்குள் உதட்டைப் பார்ப்பது எவ்வளவு உதவும் என்று 1954இலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். பதினாறு வருசம் படிப்பித்த எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நவம்பர் 2, செவ்வாய்

கத்திப் பார்த்தேன். பயனில்லை. கத்தினால் "ஆ", "ஓ" தான் பெருக்கிறது, மெய்யெழுத்து அதே இடத்தில் நிற்கிறது. பின்னேரம் தொண்டை கட்டிப்போய் வீட்டில் கொத்தமல்லித் தண்ணீர். மின்விசிறியை நிறுத்தி, பலகைக்குத் திரும்பி நின்று பேசுவதை விட்டு, ஆறுதலாகச் சொன்னதுதான் கொஞ்சம் எடுபட்டது.

நவம்பர் 9, செவ்வாய்

வாடை மழை. தகரக் கூரையில் கல்லைக் கொட்டுவதுபோல. வகுப்பறை இரைச்சல் 35 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அவர்கள் நவம்பரில் திருகோணமலைக்கு வந்து பார்க்கவேண்டும். படம் கீறச் சொல்லிவிட்டு இருந்தேன்.

நவம்பர் 12, வெள்ளி

அக்கா நடுவில் கண்ணாடித்தாள் வைத்து ஒரு மாஸ்க் தைத்துத் தந்தாள். பிள்ளைகளுக்குச் சந்தோசம்: "ரீச்சர் சிரிக்கிறா!" பத்து நிமிடத்தில் மூச்சாவி படிந்து வாய் மறைந்தது. சத்தமும் முன்னையதைவிட மோசம். பிளாஸ்ரிக் துணியைவிடக் கூடுதலாக ஒலியை அடைக்கும். ஆனாலும் அந்தப் பத்து நிமிடம் முன் வாங்குப் பெடியன் ஒரு பிழையும் விடவில்லை. நான் பலகையை நோக்கித் திரும்பியதும் எழுதுவதை நிறுத்திவிட்டான்.

அவன் காதால் கேட்கவில்லை, பார்த்துக் கேட்கிறான். ஜனவரியில் எல்லாரையும் வாங்கு மாற்றி இருத்தியபோது இவன் மட்டும் முன் வாங்கை விடமாட்டேன் என்று அழுதான். படிப்பில் ஆர்வம் என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 15, திங்கள்

தாயைக் கூப்பிட்டுக் கதைத்தேன். "ரீவியைக் கூட்டி வைச்சுத்தான் பாப்பான் ரீச்சர். நான் குழப்படி எண்டு அடிச்சுப்போட்டன்." நானும் ஏசினேன் என்று சொன்னேன். காது கிளினிக்கிற்குக் கூட்டிப்போகச் சொல்லி அனுப்பினேன்.

நவம்பர் 25, வியாழன்

இரண்டு செவிப்பறைக்கும் பின்னால் நீர் தேங்கியிருக்கிறதாம். சிறுபிள்ளைகளுக்கு வருவதுதான், பலருக்குத் தானாக வற்றிவிடும், மூன்று மாதம் பார்ப்போம் என்றிருக்கிறார் டொக்டர். அதுவரை அவன் என் வகுப்பில்தானே இருக்கப்போகிறான்.

அதனால் ஒரு வேலை செய்திருக்கிறேன். பகரத்துக்கு உதட்டுக்கு நேரே விரல், தகரத்துக்குக் கன்னத்துக்கு நேரே, ககரத்துக்குத் தொண்டைக்கு நேரே. நேரேதான், படக்கூடாது, மாஸ்க்கைத் தொடாதே என்று அறிவித்தல் இருக்கிறது. அவனுக்கென்று தொடங்கினேன், இப்போது 19 பேரும் செய்கிறார்கள். இடைவேளையில் இரண்டு பேர் மைதானத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக விரலால் "பந்து" சொல்லிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு ஒதுங்கிய மான் ஒன்று சுவரோரம் நின்று பார்த்தது.

கடைசிப் பாடத்தில் அவன் கையை உயர்த்தினான். "ரீச்சர், ழானாவுக்கு என்ன? ளானாவுக்கு என்ன?"

மாஸ்க் இல்லாத காலத்திலேயே அந்த இரண்டையும் கொப்பியில் பிரித்து எழுதவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாளைக்குச் சொல்கிறேன் மகன் என்றேன். இரவு ஒன்பதாகிறது, கண்ணாடி முன் நின்று நாக்கை மடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.