பூட்டிய கேட், மூடிய பம்ப்: சோலோவில் அம்மா அப்பாவைப் பார்க்கப் போன அனுபவம்

அம்மா அப்பா இருக்கும் ஊருக்கு செஸ்னா 172 என்ற சிறு விமானத்தைத் தனியாக ஓட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திரும்பிவிட்டேன். சந்தோஷம்தான். ஆனாலும் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. வானத்தில் ஒரு குறையும் இல்லை, தரையில் இருந்தவர்கள்தான் படுத்தி எடுத்துவிட்டார்கள். சோலோ கிராஸ் கன்ட்ரிக்கு (பயிற்சி மாணவர் தனியாகத் தொலைதூரம் பறப்பது) வீட்டுப் பக்கத்து ஏரோட்ரோமை (விமானம் ஏறி இறங்கும் தளம்) தேர்ந்தெடுக்கும் எண்ணம் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிபிஎல்லுக்கு, அதாவது தனியார் பைலட் உரிமத்துக்கு, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரே பயணத்தில் 270 கிலோமீட்டர், அதாவது 150 கடல் மைல் பறக்க வேண்டும். வழியில் இரண்டு வெவ்வேறு ஏரோட்ரோம்களில் இறங்கி முழுதாக நிற்க வேண்டும். எப்படியும் பறந்தாக வேண்டிய தூரம், அதை வீட்டுப் பக்கம் பறக்கலாமா என்று இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டேன். மேப்பைப் பார்த்துவிட்டு, “ரெண்டாவது லேண்டிங்கை அங்கேயே வெச்சுக்கோ” என்றார். ரூட், காற்று, எரிபொருள் கணக்கெல்லாம் அன்று மாலையே முடிந்துவிட்டது.

முதல் தடை பயிற்சிப் பள்ளியின் அலுவலக மேசையில் வந்தது. காலையிலேயே போய் ப்ரீஃப்ளைட் சோதனை முடித்து, டேங்கிலிருந்து எரிபொருள் எடுத்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்து, ஆயில் பார்த்து, சாவி வாங்க வந்து நின்றேன். “உங்க மெடிக்கல் முடிஞ்சு போச்சுன்னு காட்டுது” என்றார் மேசையில் இருந்தவர். புதுப்பித்த மெடிக்கல் சான்றிதழின் நகலை முந்தைய மாதமே அதே மேசையில், அவரிடமேதான் கொடுத்திருந்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. அசல் கையில் இருந்தது, நீட்டினேன். அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. “ஏத்துறவங்க திங்கட்கிழமைதான் வருவாங்க.” இன்ஸ்ட்ரக்டர் இன்னொரு மாணவரோடு மேலே போயிருந்தார். மேகமே இல்லாத வானம், காற்றின் வேகம் 5 நாட்ஸுக்கும் கீழே. அந்த விமானம் அன்றைக்கு முழுக்கச் சும்மா நின்றது, நான் வீட்டுக்குத் திரும்பினேன். ஒரு மாணவரின் நாள் வீணாகிறதே என்ற எண்ணம் துளிகூட இல்லாமல் எப்படி அப்படிப் பேச முடிகிறது என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை.

அதனால் சொல்கிறேன், எந்தக் காகிதம் கொடுத்தாலும் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். பறப்பதற்கு முந்தின நாள் அவர்களையே உங்கள் பதிவைத் திறக்கச் சொல்லி மெடிக்கல் தேதி, சோலோ அனுமதி, ரேடியோ உரிமம் மூன்றையும் உங்கள் கண்ணால் பாருங்கள். “எல்லாம் இருக்கு” என்ற வாய்ச்சொல்லை நம்பிக் கிளம்பாதீர்கள்.

அடுத்த தடவை பனிமூட்டம். அதற்கு யாரைக் குறை சொல்ல? மெட்டாரில், அதாவது அப்போதைய வானிலை அறிக்கையில், வெப்பநிலையும் பனிநிலையும் ஒரே எண்ணில் நின்றன, மூட்டம் கட்டும் அறிகுறி அது. ஒன்பது மணிக்கு விலகும் என்றது டாஃப் என்ற வானிலை முன்கணிப்பு. ஆனால் டாஃப் பேசுவது ஏரோட்ரோமைச் சுற்றி சுமார் 8 கிலோமீட்டருக்குத்தான், வழியில் என்ன இருக்கும் என்று அது சொல்லாது. இந்த நேரத்தில்தான் வீட்டிலிருந்து போன் மேல் போன். அம்மாவுக்கு ஆசை, வேறொன்றும் இல்லை. ஆனால் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு மனதில் ஏறிவிட்டால், மூட்டம் கொஞ்சம் விலகினாலே போய்விடலாம் என்று கை பரபரக்கும். கண்ணால் வெளியே பார்த்துப் பறக்கும் பயிற்சி மட்டுமே உள்ளவர்கள் மேகத்துக்குள் மாட்டி உயிரை விட்ட விபத்துகள் பலவற்றுக்குப் பின்னால் இந்த அவசரம்தான் இருந்திருக்கிறது. நான் கிளம்பவில்லை. வீட்டுக்காரர்களிடம் நேரம் சொல்லவே சொல்லாதீர்கள். “இறங்கினதும் கூப்பிடுறேன், அதுக்கப்புறம் வீட்லேர்ந்து கிளம்புங்க” என்று சொன்னால் போதும். எங்கள் வீட்டில் அதையும் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

ஒரு வழியாகப் பறந்த நாளில் பறந்ததைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திசை காட்டும் ஹெடிங் இண்டிகேட்டரைக் காம்பஸோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொண்டேன். நடுவில் இருந்த ஏரோட்ரோமில் இறங்கி, இறங்கியதற்கு அத்தாட்சியான தாளில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினேன். ஊர் ஏரோட்ரோமில் கட்டுப்பாட்டு டவர் கிடையாது. மேலே ஒரு சுற்று வந்து, காற்றின் திசை காட்டும் விண்ட்சாக்கைப் பார்த்து, ரேடியோவில் அறிவித்து இறங்கினேன். ரன்வேயைத் தொட்டது நான் தொட்டதிலேயே நல்ல தொடுகை.

இன்ஜினை நிறுத்திவிட்டுப் போனால், வெளியே போகும் கேட்டில் எண் பூட்டு. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் மகள். இந்தப் பக்கம் நான். பலகையில் இருந்த எண்ணுக்கு அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. முன்கூட்டியே அனுமதி கேட்டு எழுதி, பதிலும் வாங்கித்தான் வந்திருந்தேன். அந்தப் பதிலில் பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இந்த மாதிரி நேரத்தில் மறக்கவே கூடாத ஒன்று ஃப்ளைட் பிளான், அதாவது கிளம்பும் முன் பதிவு செய்த பயணத் திட்டம். டவர் இல்லாத இடத்தில், இறங்கிவிட்டதாக நீங்களேதான் போன் செய்து சொல்லி அதை முடிக்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு மேல் 30 நிமிடம் போயும் தகவல் இல்லையென்றால் உங்களைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். சிக்னல் ஹேங்கர் ஓரத்தில் மட்டும்தான் கிடைத்தது. முதலில் அங்கே போய் அதை முடித்தேன், அப்புறம்தான் கேட். கடைசியில் ஹேங்கருக்கு வேலையாக வந்த ஒரு மெக்கானிக் பூட்டைத் திறந்துவிட்டார். “இங்க இருக்கிற பைலட்டுங்களுக்கு நம்பர் தெரியும், வெளியாளுங்களுக்கு யாரும் சொல்றதில்ல” என்றார். அந்த மனிதருக்கு நன்றி. என் தாளில் கையெழுத்தும் அவரேதான் போட்டார்.

வேலியிலேயே நேரம் போய்விட்டதால் வீட்டுக்குப் போக முடியவில்லை. விமானத்துக்குப் பக்கத்திலேயே நின்று பேசினோம். அண்ணன் மகளை விமானத்துக்குள் உட்கார வைத்தேன், சாவி என் பையில். “ஒரே ஒரு சுத்து கூட்டிட்டுப் போயேன்” என்றார் அண்ணன். ஸ்டூடன்ட் பைலட் யாரையும் ஏற்றிப் பறக்கக் கூடாது, சொந்தக்காரர்களுக்கும் அதேதான் சட்டம். இதைப் போனிலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். நேரில், ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்வது கஷ்டமாக இருக்கிறது.

அடுத்தது பம்ப். இங்கே நிரப்பிக்கொண்டு திரும்புவதாகத்தான் திட்டம். எரிபொருள் உண்டு என்று அனுமதிக் கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் பம்ப் மேல் உறை போட்டு மூடியிருக்கிறது. அதைப் பற்றி பைலட்டுகளுக்கான அறிவிப்பு (NOTAM) எதுவும் போடவில்லை. எங்கள் பழைய 172-இல் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் சுமார் 150 லிட்டர், செலவு மணிக்கு 32 லிட்டர் என்று கணக்கு வைப்போம். விமானத்தின் எரிபொருள் மீட்டர்களை யாரும் நம்ப வேண்டாம். குச்சி விட்டு இரண்டு டேங்கையும் அளந்தேன், 98 லிட்டர் இருந்தது. எதிர்க்காற்றில் போனாலும் ஒன்றரை மணி நேரத்துக்கான எரிபொருள் மிஞ்சும். பகலில் பார்த்துப் பறப்பதற்கு அரை மணி நேர இருப்பே போதும் என்றாலும் இன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிட்டு அளவைச் சொன்னேன். “நடுவுல இறங்கி நிரப்பிட்டு வா. ஆனா பம்ப் ஓடுதான்னு முதல்ல போன் பண்ணிக் கேளு” என்றார். அங்கே போனை எடுத்தவர், “வாங்க, நீங்க வர்ற வரைக்கும் இருக்கேன்” என்றார். சொன்னபடியே இருந்தார்.

புது ஏரோட்ரோமுக்குப் போகிறவர்கள் அனுமதி மட்டும் கேட்டால் போதாது. கேட்டின் எண் என்ன, அன்றைக்கு அங்கே யார் இருப்பார்கள், அவர்களுடைய சொந்த எண் என்ன, பம்ப் கடைசியாக எப்போது ஓடியது என்பதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போனில் ட்ராக் பதிவாகும் ஆப் ஒன்றையும் ஓட விடுங்கள். ஏரோட்ரோமின் பெயர்ப் பலகையோடு ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அது எவ்வளவு முக்கியம் என்று திரும்பியதும் தெரிந்தது. மெக்கானிக்கின் கையெழுத்துக்குப் பக்கத்தில் முத்திரை இல்லை என்று அதே அலுவலக மேசையில் தாளை வாங்க மறுத்தார்கள். இன்ஸ்ட்ரக்டர் வந்தார். என் போனில் இருந்த ட்ராக்கையும் படத்தையும் பார்த்தார். தாளிலும் லாக்புக்கிலும் அங்கேயே கையெழுத்துப் போட்டு, “ஏத்திக்கோங்க” என்று மேசை மேல் வைத்தார். இந்தத் தடவை நான் நகரவில்லை. அவர்கள் ஏற்றி முடித்து, பதிவைத் திறந்து காட்டிய பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினேன்.