பெடர்னாலிஸ் நுனி: பதினான்கு மாதமாகப் பூச்சி காட்டும் கல்

மத்திய டெக்சஸில் ஒரு பண்ணையில் கிடைத்த பழைய கல் ஈட்டிமுனை ஒன்றின் அடிப்பாகம் என்னிடம் இருக்கிறது. முறிந்துபோன அதன் நுனியைப் பதினான்கு மாதமாகத் தேடுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு இருபதுக்கு அந்த நுனி கண்ணில் பட்டது. நான் போட்ட சத்தத்தில் வேலியோரம் படுத்திருந்த மாடுகள் எழுந்து நின்றுவிட்டன. அதே சாம்பல் நிறம், அதே தடிமன், முறிந்த இடத்தில் அதே நேர்வெட்டு. அடிப்பாகம் சட்டைப்பையிலேயே இருந்தது. அங்கேயே பொருத்திப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய், கை கழுவி, மேசை விளக்கைப் போட்டு, மரியாதையாகப் பொருத்த வேண்டும் என்று ஓர் ஆசை. நாற்பது நிமிடம் கார் ஓட்டி வந்து பொருத்தினேன். பொருந்தவில்லை.

அடிப்பாகம் கிடைத்த கதை இது. போன வருடம் ஆகஸ்டில், ஜார்ஜ்டவுனுக்கு வடக்கே இருக்கும் அந்த மாட்டுப் பண்ணையில், ஒரு ஆர்மடில்லோ (உடம்பில் ஓடு போர்த்திய சின்ன விலங்கு) தோண்டிப் போட்ட மண்ணில் கிடந்தது. செவ்வகக் காம்பு, காம்பின் அடியில் உள்வாங்கிய வளைவு, இரண்டு தோள்கள். சந்தேகமே இல்லாமல் பெடர்னாலிஸ் என்ற முனை வகை. மத்திய டெக்சஸில் தடுக்கி விழுந்தால் பெடர்னாலிஸ் மேல்தான் விழ வேண்டும், அவ்வளவு சாதாரண வகை. ஸ்பானிய மொழியில் பெடர்னால் என்றால் சக்கிமுக்கிக் கல். இங்கே ஓடும் ஆற்றுக்கும் அதே பெயர். உள்ளூர்க்காரர்கள் அதை 'பெர்டினாலிஸ்' என்று கடித்துத்தான் சொல்வார்கள். சரியாக உச்சரித்தால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

எல்லோரும் அம்புமுனை என்றுதான் சொல்கிறோம், நானும் வீட்டில் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் இது அம்பில் இருந்ததே இல்லை. வில் இந்தப் பக்கம் வந்து ஏறக்குறைய 1300 வருடம்தான் ஆகிறது. பெடர்னாலிஸ் மூவாயிரம் வருடத்துக்கும் மேல் பழையது, அட்லாட்டில் என்ற எறிகோலால் வீசிய ஈட்டியின் முனை. உண்மையான அம்புமுனை என்றால் பெர்டிஸ் என்ற வகை மாதிரி விரல்நகம் அகலத்தில் இருக்கும். அது எனக்கு இன்னும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

பண்ணைக்காரர் எழுபதைத் தாண்டியவர். அலுவலக நண்பருக்கு மாமனார் வழி உறவு. அவர் போட்ட நிபந்தனைகள் மூன்று: திறந்த கேட்டைத் திறந்தபடியும் மூடிய கேட்டை மூடியபடியும் விட வேண்டும், குழி தோண்டக் கூடாது, எடுத்ததை எல்லாம் அவரிடம் காட்டிவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். இங்கே தனியார் நிலத்தில் கிடைப்பது நிலச் சொந்தக்காரருடையது. அவர் கொடுத்தால்தான் எனக்கு. பூங்கா, அரசு நிலம் பக்கம் ஆசைப்பட்டுக் குனிந்தால் வழக்குதான். ஆற்றுப்படுகையிலும் இதே சிக்கல் உண்டு. சராசரி அகலம் 30 அடியைத் தொட்டுவிட்டால் படுகை மாநிலத்துக்குச் சொந்தம். அதனால் சான் கேப்ரியல் ஆற்றில் சரளையைப் பார்த்துக் கை அரித்தாலும் நான் கரையிலேயே நின்றுகொள்வேன். பண்ணைக்குள் இருப்பது வெறும் ஓடைதான், எட்டடி தேறாது.

சரி, எந்த வெளிச்சத்தில் தேட வேண்டும் என்ற விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் முழுக்க நான் மண்டையை உடைத்துக்கொண்டது அதில்தான்.

முதல் ஆறு மாதம் காலை பத்து மணிக்குப் போய், சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு நடந்தேன். நிழல் முன்னால் விழும், அதையே மிதித்துக்கொண்டு போவேன். கிடைத்தது வெறும் சில்லுகள், அதாவது முனை செதுக்கும்போது தெறித்த கல் துணுக்குகள். அப்புறம் ஒருநாள் வேலை முடிந்து போக நேர்ந்தது. மேற்குப் பார்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சூரியனுக்கு எதிர்முகமாக நடந்தேன். சுண்ணாம்புக் கல் எல்லாம் மங்கிப் போக, சக்கிமுக்கி மட்டும் ஓரத்தில் ஒரு கோடு போல மின்னியது. சுண்ணாம்புக் கல்லின் முகம் சொரசொரப்பானது, வெளிச்சத்தை நாலாபக்கமும் இறைத்துவிடும். சில்லு பெயர்ந்த முகம் கண்ணாடி மாதிரி, வந்த வெளிச்சத்தை ஒரே பக்கமாகத் திருப்பி அனுப்பும். அந்தப் பக்கத்தில் நம் கண் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது என் கணக்கு இது: சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது தொடங்க வேண்டும். சூரியன் நேர் எதிரே இருந்தால் கண் கூசுகிறது, அதனால் முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிக்கொள்வேன். பார்வை காலடியில் இல்லாமல் பத்தடி தள்ளி இருக்க வேண்டும். முந்தைய நாள் நல்ல மழை பெய்திருந்தால் இன்னும் உத்தமம், தூசி கழுவிப் போயிருக்கும். மண் முழு ஈரமாக இருந்தாலும் ஆகாது, கண்டதெல்லாம் மின்னும், உடைந்த பாட்டில் உட்பட. மழைக்கு அடுத்த நாள் சாயங்காலம், அதுதான் முகூர்த்தம்.

ஒரே துண்டு நிலம், ஓடைக்கும் மேட்டுக்கும் நடுவே நூறு அடிக்கு நாற்பது அடி. அதில் காலையில் எட்டு முறை, மாலையில் எட்டு முறை நடந்து குறித்து வைத்தேன். காலையில் மொத்தம் 19 சில்லு, முனை ஒன்றும் இல்லை. மாலையில் 64 சில்லு, உடைந்த முனை ஐந்து, சுரண்டுவதற்கான கல் கருவி ஒன்று. இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும். சொல்ல மாட்டார்கள். பழைய ஆட்கள் எல்லாம் 'நடந்துகொண்டே இரு, கண் பழகிவிடும்' என்பதோடு சரி.

தடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய சாமான் கடையில் வாங்கிய கோல்ஃப் மட்டையின் தலையை அறுத்துவிட்டு, முனையில் வளைத்த கம்பி ஒன்றைச் செருகி வைத்திருக்கிறேன். குனியாமல் கல்லைப் புரட்டலாம், சப்பாத்திக்கள்ளியை ஒதுக்கலாம், கல்லுக்கு அடியில் பாம்பு இருந்தால் அது தெரிய வரும்போது கை மூன்றடி தள்ளி இருக்கும். இடுப்பைக் காப்பாற்றியதும் இந்தத் தடிதான்.

மறுபடியும் பொருந்தாத நுனிக்கு. மேசையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அகலம் ஒரு மில்லிமீட்டர் இடித்தது. தேய்ந்திருக்கலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு புற ஊதா டார்ச்சை எடுத்தேன். இந்த டார்ச்சால் பட்ட பாடு தனி. முதலில் இணையத்தில் அலைநீளம் 365 நானோமீட்டர் என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். வந்தது 395. ஊதா வெளிச்சத்தில் கல், மேசை, என் விரல் எல்லாம் ஒரே ஊதா. திருப்பி அனுப்பினால் 'பயன்படுத்திய பொருள்' என்று பாதிப் பணம்தான் தந்தார்கள். இரண்டாவதாக வாங்கியது உண்மையான 365. இந்தப் பக்கத்து எட்வர்ட்ஸ் பீடபூமியின் சக்கிமுக்கிக் கல் அதன் கீழே மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து ஒளிரும். என் இரண்டு துண்டும் அழகாக ஆரஞ்சு அடித்தன. அதனால் என்ன? இந்த வட்டாரத்துக் கல் எல்லாமே அப்படித்தான் அடிக்கும். இரண்டும் ஒரே கல்லில் இருந்து வந்தவை என்று அது சொல்லாது. ஒட்டுப்போட்ட முனையைக் கண்டுபிடிக்க டார்ச் உதவும், பசை வேறு நிறத்தில் ஒளிரும். என் சந்தேகத்துக்கு உதவவில்லை.

மனைவி காபியோடு வந்து, "ரெண்டும் வேற வேற ஆளோடதா இருக்கும், விடுங்க" என்றாள். விடவில்லை. பழைய குறிப்பேட்டை எடுத்து இதுவரை அந்தப் பண்ணையில் கிடைத்த உடைந்த முனைகளை எண்ணினேன். மொத்தம் 46. அதில் அடிப்பாகம் 31, நடுத்துண்டு 7, நுனி வெறும் 8. இத்தனை நாளும் குறித்து வைத்தேனே தவிர, ஒருமுறைகூடக் கூட்டிப் பார்க்கவில்லை.

கூட்டிப் பார்த்ததும்தான் உறைத்தது. நான் தேடுகிற இடம் இந்த முனைகளைச் செய்தவர்கள் குடியிருந்த இடம். ஓடைக்குப் பக்கத்தில் வெந்து வெடித்த சுண்ணாம்புக் கற்கள் மேடாகக் குவிந்திருக்கின்றன. குழியில் கல்லைச் சுட்டு, கிழங்கை மூடி வைத்து வேகவைத்து, உபயோகம் தீர்ந்த கல்லை ஓரமாகத் தள்ளித் தள்ளி உண்டான மேடு. முனை முறிவது இங்கே அல்ல, வேட்டைக்குப் போன இடத்தில். நுனி மானோடு போய்விடும், அல்லது புல்லில் விழும். அடிப்பாகம் மட்டும் நரம்பாலும் பிசினாலும் ஈட்டித் தண்டில் இறுகக் கட்டியிருக்கும். கல் போனால் போகட்டும், நல்ல தண்டை யாரும் எறிய மாட்டார்கள். அதைத் தூக்கிக்கொண்டு குடியிருப்புக்கு வந்து, நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டை அவிழ்த்து, உடைந்த அடியைப் போட்டுவிட்டுப் புது முனையைக் கட்டுவார்கள். நான் பொறுக்குவது அந்தக் குப்பையை. எட்டு நுனிகள் வந்ததற்கும் காரணம் இருக்கிறது: இறைச்சிக்குள் தங்கிய நுனி, இறைச்சியோடு வீட்டுக்கு வந்திருக்கும்.

செய்யும்போதே உடைந்த முனை என்றால் இரண்டு பாதியும் ஒரே இடத்தில் கிடக்கும். என் அடிப்பாகம் அப்படியல்ல. தோளுக்கு மேலே ஓரம் இரண்டு பக்கமும் திரும்பத் திரும்பத் தீட்டப்பட்டிருக்கிறது, அதாவது ரொம்ப நாள் உழைத்த முனை. இதை முதல் நாளே பார்த்தேன். பார்த்தும், நுனியைத் தேடி அதே நூறு அடியில் பதினான்கு மாதம் நடந்திருக்கிறேன். வடிகட்டின முட்டாள்தனம்.

மேட்டைத் தோண்டிப் பார்த்துவிடேன் என்று ஒரு நண்பர் சொன்னார். மாட்டேன். பண்ணைக்காரர் நிபந்தனை ஒருபக்கம் இருக்கட்டும். இங்கிருந்து அதிக தூரமில்லாத ஃப்ளாரன்ஸ் ஊர்ப்பக்கம் கால்ட் என்ற இடம் இருக்கிறது. பல வருடம் காசு வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் தோண்டலாம் என்று விட்டிருந்தார்கள். மேல் அடுக்கெல்லாம் கலைந்து போனது. கீழே க்ளோவிஸ் என்ற மிகப் பழைய பண்பாட்டுக் காலத்து அடுக்கு தப்பிப் பிழைத்ததால், 13,000 வருடத்துக்கு முந்தைய மனிதர்களைப் பற்றி அங்கே படிக்க முடிந்தது. அந்த நிலத்தை மைக்கேல் காலின்ஸ் என்ற தொல்லியலாளர் 2007-இல் தன் காசில் வாங்கிப் பாதுகாப்புக்குக் கொடுத்துவிட்டார். அதைக் கேட்ட பிறகு எனக்கு மண்வெட்டி பிடிக்கக் கை வரவில்லை. மேலே கிடப்பதை, கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு எடுப்பதோடு சரி.

நான் படித்தது வளர்ந்தது எல்லாம் பல்லாவரம். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று கைக்கோடரியைக் கண்டெடுத்த அதே பல்லாவரம். இந்தியாவின் பழைய கற்காலக் கதையே அங்கேதான் தொடங்குகிறது. பதினைந்து வருடம் அந்தச் செம்மண் சரளையில் கிரிக்கெட் ஆடியும், ஸ்டம்புக்கு முட்டுக்கொடுக்கத் தவிர ஒரு கல்லுக்காகக் குனிந்ததில்லை.

சொந்தமாக முனை செய்து பார்க்கும் வேலையும் பாதியில் நிற்கிறது. கல்லின் ஓரத்தை அழுத்திச் சில்லு பெயர்க்க, செம்பு முனை வைத்த அழுத்துகோல் ஒன்று செய்தேன், மான் கொம்பு ஒன்று பண்ணைக்காரர் கொடுத்தார். தொடை மேல் தோல் விரித்து உட்கார்ந்து மூன்று கல் உடைத்ததில் இரண்டு விரலில் பிளாஸ்திரி. மூன்றும் நட்ட நடுவில் முறிந்தன. முறிவைப் பார்த்தால் என் பெடர்னாலிஸ் முறிவு மாதிரியே இருக்கிறது, அதுவரைக்கும் லாபம். ஒரு பெடர்னாலிஸ் செய்து, குச்சியில் கட்டி, வைக்கோல் கட்டில் எறிந்து, எந்தத் துண்டு எங்கே விழுகிறது என்று அளக்க வேண்டும் என்று திட்டம்.

அதற்கு முன்னால் நுனி. பண்ணையின் வடமேற்கில் ஒரு ஊற்றுப் பள்ளம் இருக்கிறது. இன்றைக்கும் மான் தண்ணீருக்கு வருகிற இடம். வெந்த கல் இல்லை, சில்லும் அதிகம் இல்லை என்பதால் இதுவரை நான் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை. நேற்று பண்ணைக்காரரிடம் ஃபோனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, அங்கே தன் அப்பா காலத்தில் உழுதபோது 'கூர் மட்டும்' நிறைய வரும், அடி இல்லாததால் யாரும் எடுத்து வைக்கவில்லை என்றார். இதைப் பதினான்கு மாதத்தில் ஒருமுறையாவது சொல்லியிருக்கலாமே மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

ஆனால் நவம்பர் பிறந்தால் மான் வேட்டைக்காரர்கள் குத்தகைக்கு வந்துவிடுவார்கள். துப்பாக்கிக்கு நடுவே கல் பொறுக்கப் போவது உடம்புக்கு ஆகாது. ஜனவரியில் சீசன் முடிந்ததும் சாவி தருகிறேன் என்றார். கையில் இருப்பது இந்த ஒரு சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை மழை என்று போட்டிருக்கிறான்.