கிசாவைக் கடைசியில் வைத்துக்கொண்டோம்

கெய்ரோவில் ஒரு நாள் சுற்றுலாவுக்கு யாரிடம் விசாரித்தாலும் ஒரே அட்டவணையைத்தான் நீட்டுகிறார்கள். காலையில் கிசா பிரமிடுகள், ஸ்பிங்ஸ், மதியச் சாப்பாடு, நேரம் மிச்சமிருந்தால் மெம்பிஸும் சக்காராவும். நாங்கள் கேட்டது இதைத் தலைகீழாக. முதலில் சக்காரா, அப்புறம் தாஷூர், கடைசியில் கிசா. பஸ்ஸில் நாற்பது பேரோடு போகிறவர்கள் இதைக் கேட்கவே முடியாது. தனி கார், தனி வழிகாட்டி என்று கூடுதலாகக் காசு கொடுக்க எனக்கு இந்த ஒரு காரணம் போதும். ஏசியும் தண்ணீர் பாட்டிலும் எல்லோரும்தான் தருகிறார்கள்.

பிரமிடு கட்டக் கற்றுக்கொண்ட வரிசை இதுதான். ஜோசர் என்ற அரசருக்காகச் சக்காராவில் எழுந்த படிப் பிரமிடு கி.மு. 2650-ஐ ஒட்டியது. அதற்கு இரண்டு தலைமுறை கழித்து ஸ்னெஃபெரு என்ற அரசர் தாஷூரில் இரண்டு பிரமிடுகள் கட்டினார். கிசாவில் இருக்கும் பெரியது அவர் மகன் குஃபுவுடையது. ஏறக்குறைய நூறு வருடத்துக்குள் இவ்வளவும் நடந்துவிட்டது. முதலிலேயே கிசாவைப் பார்த்துவிட்டால் மற்றவை எல்லாம் சின்னதாகவும் சிதைந்ததாகவும் தெரியும். வரிசைப்படி போனால் ஒவ்வொன்றிலும் எங்கே தடுமாறினார்கள், அடுத்ததில் அதை எப்படிச் சரிசெய்தார்கள் என்று பார்க்கலாம்.

இந்த யோசனை அப்பாவுடையது. பொதுப்பணித் துறையில் ஏரி, வாய்க்கால் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். நான் தோஹாவில் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என்னைப் பார்க்க வந்தவரை அங்கிருந்து கெய்ரோவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கிளம்புவதற்கு முன்பே வெள்ளைத் தாளில் நாலு பிரமிடுகளின் குறுக்குவெட்டையும் வரைந்து, சாய்வுகளைக் குறித்துப் பையில் வைத்திருந்தார்.

வாட்ஸ்அப்பில் ஏற்பாடு செய்யும்போதே இரண்டு நிபந்தனைகளை எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பாபிரஸ் கடை, அத்தர் கடை, கம்பளக் கடை எதிலும் வண்டி நிற்கக் கூடாது. வழிகாட்டி உரிமம் உள்ளவராக, எகிப்தியல் படித்தவராக இருக்க வேண்டும். வந்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க பெண். அப்பா காரில் ஏறிய கையோடு தாளை நீட்டினார். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஸ்னெஃபெருவின் கோணம் சரியாக எழுதியிருக்கிறீர்கள் சார்” என்றார். அதற்குப் பிறகு நான் அந்த வண்டியில் வெறும் பயணிதான்.

சக்காராவுக்குப் போகிற வழி அழகு. வாய்க்கால் ஓரமாகவே போகும் சாலை, இரண்டு பக்கமும் பேரீச்சந்தோப்பு, கழுதை வண்டியில் தீவனம். ஒரு திருப்பத்தில் பச்சை சட்டென்று அறுந்து மணல் தொடங்குகிறது. இடையில் ஒன்றும் கிடையாது.

நுழைவுச்சீட்டு வாங்குகிற இடத்தில் ரொக்கம் செல்லாது, கார்டு மட்டும்தான். போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜோசரின் வளாகத்தைச் சுற்றிப் பத்து மீட்டருக்கும் உயரமான சுண்ணாம்புக்கல் மதில். நெடுக வாசல் வாசலாகச் செதுக்கியிருக்கிறார்கள், ஆனால் உள்ளே போக ஒரே ஒரு வாசல்தான். நுழைந்ததும் நாற்பது தூண்கள் கொண்ட நடை. தூண்களில் நாணல் கட்டுகளைக் கட்டி நிறுத்தியதுபோலக் கோடுகள். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு நடையைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் தூணுக்குப் பின்பக்கம் போய் நின்றார். ஒவ்வொரு தூணும் ஒரு சிறு சுவரால் பக்கவாட்டுச் சுவரோடு ஒட்டியிருந்தது. ஒன்றுகூடத் தனியாக நிற்கவில்லை.

“நம்பிக்கை இல்ல” என்றார். “கல் தூண் தனியா நிக்குமான்னு அவனுக்கே பயம்.”

வழிகாட்டியும் இதையேதான் சொன்னார். அதுவரை மரம், நாணல், பச்சைச் செங்கல் என்று கட்டிக்கொண்டிருந்தவர்கள் முதன்முதலாகப் பெரிய அளவில் கல்லைத் தொட்ட இடம் இது. அதனால் மதிலிலும் பிரமிடிலும் கற்கள் சின்னச் சின்னதாகவே இருக்கின்றன, செங்கல் அடுக்கிய கை அப்படியே தெரிகிறது. இம்ஹோதெப் இதற்குத் தலைமை தாங்கியவர் என்று நம்புகிறார்கள். பிற்காலத்தில் அவரைக் கடவுளாகவே கும்பிட்டார்கள். முதலில் கட்டியது தட்டையான ஒரு கல்லறை மேடை. அதை அகலப்படுத்தி, மேலே மேலே ஏற்றி, நாலு படியாக்கி, கடைசியில் ஆறு படி, 60 மீட்டருக்குச் சற்று மேல் உயரம். கிழக்குப் பக்கம் நின்று பார்த்தால் பழைய மேடைக்கும் பிறகு சேர்த்த கட்டுமானத்துக்கும் இடையே உள்ள இணைப்பு தெரிகிறது. அப்பா அங்கேயே வெகுநேரம் நின்றார். யாரும் விசில் ஊதிக் கூப்பிடவில்லை. தனி வழிகாட்டிக்குக் கொடுத்த காசு எனக்கு அப்போதே வசூலாகிவிட்டது.

1992 நிலநடுக்கத்தில் இது பலமாக அடிபட்டதாம். 2006-ல் தொடங்கிய சீரமைப்பு 2020-ல்தான் முடிந்தது. நடுவில் புதையறைக் கூரை விழாமல் இருக்க ராட்சதக் காற்றுப் பைகளை ஊதித் தாங்கிப் பிடித்தார்கள் என்று வழிகாட்டி சொன்னதும் நானும் விழித்துக்கொண்டேன். அது என் துறை. அப்பாவை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நான் கேள்வி கேட்டேன்.

பக்கத்தில் மெரெருகா என்ற அமைச்சரின் கல்லறை இருக்கிறது. முப்பதுக்கு மேற்பட்ட அறைகள், குனிய வேண்டாம், ஏற வேண்டாம், முட்டி வலிக்காரர்களுக்கு ஏற்றது. சுவர் முழுக்க மீன் பிடிக்கிறார்கள், நகை செய்கிறார்கள், கழுதைப்புலிக்குத் தீனி திணிக்கிறார்கள். ஒரு சுவரில் வரி பாக்கி வைத்த ஊர்த்தலைவர்களை இழுத்து வந்து அடிக்கிறார்கள், பக்கத்திலேயே எழுத்தர்கள் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருக்கிறார்கள். பிரமிடுக்குள் போனால் அரசன் செத்துப்போனது மட்டும்தான் தெரியும். ஊர் எப்படி நடந்தது என்று இங்கேதான் பார்க்க முடிகிறது. சக்காராவுக்கு வந்து இதைப் பார்க்காமல் திரும்புகிறவர்களை என்னவென்று சொல்ல.

மெம்பிஸில் சீக்கிரம் முடித்துக்கொண்டோம். பழைய தலைநகரத்தின் இடத்தில் இப்போது மீத் ரஹினா என்ற கிராமமும் ஒரு சின்ன அருங்காட்சியகமும். அரசர் இரண்டாம் ராம்சேஸ் கால் உடைந்த சிலையாகப் பத்து மீட்டர் நீளத்துக்கு மல்லாந்து கிடக்கிறார். அவருடைய பதப்படுத்திய உடலின் மூக்கில் மிளகு இருந்தது என்று வழிகாட்டி சொன்னார். இந்தியர்கள் வந்தால் சொல்வதற்கென்றே வைத்திருக்கிற செய்தி என்று அவரே சிரித்தார். மூவாயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கமிருந்து அங்கே போன மிளகு. அப்பா ஒரு “ஓகோ”வோடு நிறுத்திக்கொண்டார், அவர் மனசு தாஷூரில் இருந்தது.

தாஷூர் 1996 வரை ராணுவப் பகுதி, வெளியாட்களை விடமாட்டார்கள். இன்றைக்கும் கூட்டம் கிடையாது. நாங்கள் போனபோது காவலர்கள் இருவர், ஒட்டகத்தோடு ஒருவர், நாங்கள்.

ஸ்னெஃபெரு இங்கே முதலில் கட்டிய கோணல் பிரமிடைப் படத்தில் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். நேரில் அப்படி இல்லை. கீழ்ப்பாதி சுமார் 54 டிகிரியில் விறுவிறுவென்று ஏறுகிறது. நாற்பத்தேழு மீட்டர் போல வந்ததும் 43 டிகிரிக்கு மடங்கிவிடுகிறது. அதே சாய்வில் போயிருந்தால் 130 மீட்டரைத் தாண்டியிருக்கும், 105-ல் நின்றுவிட்டது. வெளியே பதித்த மெருகுக் கல் மற்ற பிரமிடுகளைவிட இதில்தான் அதிகம் மிஞ்சியிருக்கிறது. கிட்டப் போனால் கற்களின் இணைப்பில் நகம் நுழையாது.

அப்பா மூலைக்குப் போய்க் கீழ் வரிசைகளைக் காட்டினார். “பாரு, கல் மட்டமா இல்ல. உள்பக்கமாச் சாஞ்சிருக்கு.” படிப் பிரமிடிலும் அப்படித்தான், கல்லை உள்ளே சாய்த்து வைத்தால் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து நிற்கும் என்ற பழைய பழக்கம். ஆனால் சுமை ஏற ஏற அதுவே உள்ளே நெருக்கத் தொடங்கும். போதாததற்கு அடியில் கெட்டிப் பாறை இல்லை, சரளையும் களிமண்ணும். உள்ளறைகளில் விரிசல் விழுந்திருக்கிறது. மேல் அறையில் முட்டுக்கொடுத்த தேவதாருக் கட்டைகள் இன்றும் இருக்கின்றன. மடிப்புக்கு மேலே மட்டும் கற்களைக் கிடையாகவே அடுக்கியிருக்கிறார்கள்.

“ஏரிக்கரைக்கு நாங்க ஒரு அடி உயரத்துக்கு ரெண்டு அடி அகலம்னு ஒண்ணுக்கு ரெண்டு சாய்வு வைப்போம். கல்லுங்கிறதால இவன் ஒண்ணுக்கு ஒண்ணையும் தாண்டிப் போயிட்டான். பாதியில புத்தி வந்து ஒண்ணுக்கு ஒண்ணுக்குக் கீழ இறங்கிட்டான்” என்றார் அப்பா. நான் மொழிபெயர்த்தேன். மாணவர்களுக்குச் சொல்ல வைத்துக்கொள்கிறேன் என்று வழிகாட்டி கைப்பேசியில் எழுதிக்கொண்டார்.

அங்கே நின்றபடி கிழக்கே பார்த்தால் ஒரு கறுப்புக் குவியல் தெரியும். மூன்றாம் அமெனெம்ஹாத் கட்டியது, எண்ணூறு வருடம் பிந்தியது. உள்ளே பச்சைச் செங்கல், இடம் ஆற்றுப் பக்கம் தாழ்வான நிலம். ஊற்று ஏறி, கட்டடம் அமுங்கி, வேறிடத்தில் இன்னொன்று கட்டிக்கொண்டார். இவர்தான் ஃபையூம் பகுதியில் பாசன வேலைகளுக்குப் பேர்போன அரசர் என்று வழிகாட்டி சொன்னதும் அப்பாவுக்குத் தாங்கவில்லை. “தண்ணிய நல்லாத் தெரிஞ்சவனே தண்ணில விட்டுட்டானா!” எங்கள் பயணத்திலேயே அவர் வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான்.

கோணல் பிரமிடில் சறுக்கிய பிறகு ஸ்னெஃபெரு சும்மா இருக்கவில்லை. கொஞ்சம் வடக்கே தள்ளி, ஆரம்பத்திலிருந்தே 43 டிகிரியில் இன்னொன்று கட்டினார். அதுதான் சிவப்புப் பிரமிடு, பக்கம் நேராக வந்த முதல் முழுப் பிரமிடு. உள்ளே நான் மட்டும் போனேன். வடக்கு முகத்தில் 28 மீட்டர் ஏறி, அறுபது மீட்டருக்கு மேல் நிமிர முடியாத சரிவில் இறங்க வேண்டும். வழிகாட்டிகள் உள்ளே வருவதில்லை, வெளியிலேயே எல்லாவற்றையும் சொல்லி அனுப்பிவிட்டார். கீழே அம்மோனியா நெடி மூக்கைப் பிடுங்குகிறது. ஆனால் நிமிர்ந்து பார்த்தால் 12 மீட்டர் உயரக் கூரை, ஒவ்வொரு வரிசையும் கீழதைவிடச் சற்று முன்னே நீண்டு உச்சியில் சேர்கிறது. விரிசல் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அப்பாவுக்காகப் படம் எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். அடுத்த இரண்டு நாள் தொடை பிடித்துக்கொண்டு படி இறங்க முடியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். ஸ்னெஃபெரு கட்டிய எல்லாவற்றையும் கூட்டினால் மகனைவிட அதிகக் கல் சேர்த்தவர் அவர்தான். பேர் மட்டும் மகனுக்கு.

சாப்பாட்டுக்குச் சக்காரா சாலையில் ஒரு தோட்டத்து உணவகம். வாசலில் பெண்கள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா சைவம் என்பதால் பயந்துகொண்டே போனேன். மொச்சையை அரைத்துப் பொரித்த தஃமியா, எள் விழுது, கத்தரிக்காய், சூடான ரொட்டி. வயிறு நிறைந்தது. காரம்தான் போதவில்லை.

கிசாவுக்கு வரும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. இப்போது தனி வண்டிகளை உள்ளே விடுவதில்லை, நுழைவாயிலிலிருந்து மின்சாரப் பேருந்து. பெரிய பிரமிடின் முன்னால் இறங்கினோம். கட்டியபோது 146 மீட்டர் உயரம், பக்கம் 230 மீட்டர், ஏறக்குறைய 23 லட்சம் கற்கள், சாய்வு 52 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. அடிமட்டத்தில் நாலு பக்கமும் சேர்த்து இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் ஏற்ற இறக்கம். ஸ்னெஃபெரு பயந்து மடக்கிய சாய்வு மகனிடம் மடங்காமல் மறுபடி ஏறியிருக்கிறது, ஆனால் அடியில் பாறை, கற்கள் கிடையாக.

அப்பா மூலையிலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைப் பார்த்தார். அடுத்த மூலைக்குப் போனார். “ஒரு தப்பும் இல்லையே” என்றார், குறையாகத்தான்.

வழிகாட்டி விடவில்லை. அரசர் அறையின் மேல் கிடக்கும் கருங்கல் உத்தரங்கள், அதற்கு மேல் பாரம் குறைக்கக் கட்டிய ஐந்து அடுக்கு, இவ்வளவு செய்தும் உத்தரங்கள் தெற்குப் பக்கம் விரிசல் விட்டிருக்கின்றன என்று படத்தோடு காட்டினார். அப்பா முகம் தெளிந்தது. கருங்கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அஸ்வானிலிருந்து, 800 கிலோமீட்டருக்கு மேல், படகில். மெருகுக் கல்? ஆற்றுக்கு அக்கரையிலிருந்த துராவிலிருந்து. அதைக் கொண்டுவந்த மெரெர் என்ற மேற்பார்வையாளர் எழுதிய நாட்குறிப்பு 2013-ல் செங்கடல் ஓரம் வாதி அல்-ஜர்ஃபில் கிடைத்தது. எந்த நாள் எங்கே கல் ஏற்றினோம், எங்கே இரவு தங்கினோம் என்று நாள்வாரியாக எழுதியிருக்கிறார்.

“எம் புக்!” என்றார் அப்பா. வேலை அளவுகளை எழுதும் புத்தகம், அவர் கையெழுத்துப் போட்டே தேய்ந்த விஷயம். “அளந்து எழுதினானா? மேலதிகாரி கையெழுத்து இருக்கா? ஆளுக்குக் கூலி யாரு கொடுத்தா?” ரொட்டி, பீர், தானியம் வந்ததற்கான கணக்கும் கூடவே கிடைத்திருக்கிறது என்று வழிகாட்டி சொல்லத் தொடங்கினார். பாதுகாவலர்கள் எல்லோரையும் வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். ஸ்பிங்ஸுக்குப் போக நேரமில்லை. திரும்பும் பேருந்தில் நான் அதைப் பற்றி இரண்டு தடவை ஞாபகப்படுத்தினேன். அப்பா கணக்கில் பீர் எத்தனை குடம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.