இரண்டாவது மன்றாட்டு

எங்கள் பங்கில், அதாவது எங்கள் கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த சமூகத்தில், ஞாயிறு பூசையை அன்பியங்கள் (பக்கத்துப் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்கள்) முறை வைத்துச் சிறப்பிக்கும். முறை வரும் வாரம் வாசகம் படிக்க ஆள், காணிக்கைப் பவனிக்குப் பிள்ளைகள், பீடத்துக்குப் பூ எல்லாம் அந்த அன்பியத்தின் பொறுப்பு. எங்கள் அன்பியத்தில் விசுவாசிகள் மன்றாட்டு, அதாவது பூசையில் எல்லாருக்காகவும் வேண்டும் பொது வேண்டுதல், எழுதுவது ஆறேழு வருடமாக என் வேலை. நான் டி.டி.பி. கடையில் இருக்கிறேன், நாள் முழுக்கத் தமிழ் தட்டச்சுதான். அதனால் அது என்னிடம் வந்தது.

மன்றாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. திருத்தந்தை, ஆயர்கள், குருக்களுக்காக ஒன்று. நாட்டுத் தலைவர்களுக்காக ஒன்று. நோயாளிகள், வறியவர்களுக்காக ஒன்று. கடைசியில் நம் பங்குக்காக ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எல்லாரும், ‘ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று பதில் சொல்வோம். பல நூற்றாண்டுகளாக வழக்கொழிந்து கிடந்த இந்த மன்றாட்டை 1963 டிசம்பரில் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம்தான் திரும்பக் கொண்டுவந்தது. யாருக்காகவெல்லாம் வேண்ட வேண்டும் என்று அது சொன்னபோதே ஆட்சியில் இருப்பவர்களையும் சேர்த்தே சொன்னது. ஆதாரமாகக் காட்டியது விவிலியத்தில் திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தை. ரோமைப் பேரரசன் சிலைக்குத் தூபம் போட மறுத்து உயிரை விட்ட ஆதித் திருச்சபை, அதே பேரரசனுக்காகத் தன் கூட்டத்தில் வேண்டிக்கொண்டது. கோயிலுக்குள் அரசியல் வேண்டாம் என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

ஆனால் நானும் பல வருடம் ‘நாட்டுத் தலைவர்கள் நீதியோடும் நேர்மையோடும் ஆட்சி புரிய’ என்று ஒரே வரியைத்தான் அச்செடுத்துக் கொடுத்தேன். யாரையும் உறுத்தாத வரி அது.

2025 ஆகஸ்ட் 10 ஞாயிறு எங்கள் முறை வந்தது. தலித் கிறிஸ்தவர்களான நாங்கள் அதைக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறோம். 1950 ஆகஸ்ட் 10-இல் வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை, அதன் மூன்றாவது பத்தியில், இந்து அல்லாதவர் யாரும் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். நம்மைச் சேர்க்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சரியாக 75 வருடம்.

அந்தப் பத்தி என்ன செய்தது என்பதை நான் கடையில் ஸ்கேனர் கண்ணாடியின் மேல் பார்த்திருக்கிறேன். என் மகளும் பெரியப்பாவின் பேத்தியும் கல்லூரி விண்ணப்பத்துக்காக ஒன்றாக வந்தார்கள். பெரியப்பா ஞானஸ்நானம் வாங்கவில்லை, எங்கள் அப்பா வாங்கினார். வித்தியாசம் அவ்வளவுதான். ஒரே தெரு, பக்கத்துப் பக்கத்துக் கதவு எண், ஒரே பூட்டன். இரண்டு சாதிச் சான்றிதழையும் அடுத்தடுத்து வைத்தேன். ஒன்றில் எஸ்.சி., இன்னொன்றில் பி.சி. என் மகள், “அம்மா, நாளைக்கு ஒருத்தன் எங்க ரெண்டு பேரையும் சாதி சொல்லித் திட்டினா, அவ மட்டும்தான் வன்கொடுமைச் சட்டத்துல கேஸ் போட முடியுமா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

அப்புறம் சூசை வழக்கைத் தேடிப் படித்தேன். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்தவர் அவர். பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பங்க் கடை கொடுத்தபோது கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-இல் வழக்கு தள்ளுபடி ஆனது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, பழைய கொடுமை புதிய மதத்திலும் அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்ட வேண்டும் என்றது தீர்ப்பு.

அதைப் படித்த ராத்திரி எனக்கு எங்கள் கல்லறைத் தோட்டம்தான் கண்ணில் நின்றது. நடுவே மார்பளவுக்கு ஒரு செங்கல் சுவர். அந்தப் பக்கம் கிரானைட் பதித்த கல்லறைகள், ஒரு தண்ணீர்க் குழாய், வேப்பமரத்தடியில் சிமெண்டு பெஞ்சு. இந்தப் பக்கம் மண்மேடுகளும் வேலிக்காத்தானும். அப்பா இந்தப் பக்கம் இருக்கிறார். முப்பது வருடம் கோயில் மணி அடித்தவர். அவர் மணி அடித்துக் கூப்பிட்டு வந்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே மக்களைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருந்த சுவரை 1910-இலேயே இடித்துவிட்டார்கள். எங்களுடையது இன்னும் நிற்கிறது, போன வருடம் சுண்ணாம்பும் அடித்தார்கள்.

அதனால் வழக்கமான மன்றாட்டுகளோடு இரண்டைப் புதிதாக எழுதினேன்.

முதலாவது: “நீதியின் இறைவா, 75 ஆண்டுகளாகத் தலித் கிறிஸ்தவர்களுக்கு மறுக்கப்படும் உரிமையை எம் நாட்டை ஆள்வோர் மீட்டுத் தரவும், 1950 ஆணையின் மூன்றாவது பத்தி நீக்கப்படவும் அருள்தர உம்மை மன்றாடுகிறோம்.”

இரண்டாவது: “ஒரே அப்பத்தில் பங்குபெறும் நாங்கள் எம் இறந்தோரைப் பிரித்து வைத்திருக்கும் சுவரை எம் கையாலேயே அகற்ற எமக்குத் துணிவு தர உம்மை மன்றாடுகிறோம்.”

பூசைக்கு அரைமணி நேரம் முன்னால் தாளைச் சாமியிடம் (எங்கள் பங்குக் குருவிடம்) கொடுத்தேன். பங்குப் பேரவை அண்ணன் ஒருவரும் அங்கே இருந்தார். கறுப்புப் பட்டையை அவரே வாங்கி வந்து, பீடச் சிறுவர்களுக்கும் குத்திவிட்டுக்கொண்டிருந்தார். முதல் மன்றாட்டைப் படித்துவிட்டு, “அருமையா எழுதியிருக்க தங்கச்சி” என்றார். மனதார அப்படிச் சொன்னார். இரண்டாவதைப் படித்ததும் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். “பூசையில அரசியல் வேண்டாம்மா.”

சாமி எதுவும் பேசாமல் பேனாவை எடுத்து அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டார். “இன்னொரு நாள் பார்ப்போம்மா, ஊர்ல பிரச்சினையாகும்” என்றார். அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன்.

இதை இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். டெல்லியை எதிர்த்து வேண்டினால் அது ஜெபம். ஐந்நூறு அடி தள்ளி இருக்கிற சுவரைப் பற்றி வேண்டினால் அரசியல். டெல்லியிலிருந்து யாரும் வந்து நம்மிடம் முகம் சுளிக்கப் போவதில்லை, சுவருக்கு அந்தப் பக்கத்தார் சுளிப்பார்கள். ஆனால் முதல் மன்றாட்டுக்குச் சாட்சியே அந்தச் சுவர்தானே? கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று சொல்லித்தான் நமக்கு உரிமை தர மறுக்கிறார்கள். இருக்கிறது என்று நாம் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதையே பீடத்தின் முன்னால் சொல்ல வாய் வரவில்லை என்றால், நாம் யாரிடம் பொய் சொல்கிறோம்?

ஐந்து நாள் கழித்து ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா. பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் கொடி ஏற்றுவோம், மிட்டாய் கொடுப்போம். வலியவர்களை அரியணையிலிருந்து இறக்கி, தாழ்ந்தவர்களைக் கடவுள் உயர்த்துகிறார் என்று மாதா பாடுகிற பாட்டுதான் அன்றைய நற்செய்தி. ஒரு ஏழைப் பெண் பாடியது. வருடா வருடம் சாமி வாசிக்கிறார், யாரும் கோடு போடுவதில்லை. அன்று அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். இந்த வருடம் அதுவும் ஞாயிற்றுக்கிழமை. பூசை கல்லறைத் தோட்டத்திலேயே நடக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் பீடம் போடுவார்கள். நாங்கள் மெழுகுவத்தியோடு இந்தப் பக்கம் நின்று கேட்போம். கடைசியில் சாமி சுற்றி வந்து எங்கள் கல்லறைகளையும் மந்திரிப்பார். முறை எங்கள் அன்பியத்துடையது இல்லை. முறைக்காரர்களிடம் போய்க் கேட்டேன், மன்றாட்டு எழுத இன்னும் ஆள் பார்க்கவில்லை என்றார்கள். நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கோடு போட்ட அந்தத் தாள் என் ஜெபப் புத்தகத்தில் இருக்கிறது. அதை வெள்ளைத் தாளில் மறுபடி தட்டச்சு செய்து, இந்த முறை மூன்று வாரம் முன்னாலேயே சாமியிடம் கொடுக்கப்போகிறேன்.